கார் பெயின்ட்டின் பளபளப்பு போகாமல் காப்பது எப்படி: கழுவுவதிலிருந்து கோட்டிங் வரை

நம் ஊர் வெயிலில் கார் பெயின்ட் மங்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வெயில் கெடுக்கத்தான் செய்யும், ஆனால் அதற்குப் பல வருடம் பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியும் வைத்துக்கொண்டு தினமும் காலையில் துடைக்கும் பழக்கம் ஒரே வருடத்தில் அந்த வேலையை முடித்துவிடும். அடர்நிறக் காரை வெயிலில் நிறுத்தி, பானட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. வெளிச்சம் எந்தக் கோட்டில் குறுக்காகப் படுகிறதோ அது மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. அத்தனையும் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிய மணல் செய்த வேலை.

பெயின்ட்டின் கனம் தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து கம்பெனி பெயின்ட்டில் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். நாம் பிரின்ட் எடுக்கும் ஏ-4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கி நிறத்தைக் காக்கும் ரசாயனமும் அங்கேதான் இருக்கிறது. தேய்ந்துபோன கிளியர் கோட் திரும்ப வளராது. அதனால் காரை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ, பாலிஷை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ, அவ்வளவுக்கு அது நீடிக்கும்.

தினமும் துடைப்பதை முதலில் நிறுத்துங்கள்

அபார்ட்மென்ட்டில் கார் துடைக்க ஆள் வைத்திருந்தால் அவர் கூலியைக் குறைக்க வேண்டாம், வேலையை மட்டும் மாற்றுங்கள். "அண்ணே, பாடியைத் தொடாதீங்க, கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் மட்டும் தொடச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருநாள் குழாய் பிடித்து நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லலாம். ஒரே வாளியில் பத்து கார் துடைக்கும்போது முதல் காரின் மண் பத்தாவது காரில் தேய்கிறது. மஞ்சள் ஃபிளானல் துணி, நூல் டஸ்டர், கோழி இறகுத் துடைப்பம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தூசி படிந்த கார் பார்க்க அழுக்காக இருக்கும், அவ்வளவுதான். தேய்க்காதவரை அந்தத் தூசி பெயின்ட்டைக் கீறாது.

கார் கவர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. தூசிக் காரின் மேல் கவர் போட்டால் காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் உப்புத்தாள் போட்ட கதைதான். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். கழுவிக் காய்ந்த காருக்கு, உள்பக்கம் மெத்தென்ற, காற்று போகும் கவர் என்றால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் நிழலில் திறந்தே நிற்கட்டும்.

சரியாகக் கழுவும் முறை

தேவையானவை: இரண்டு வாளி, முடிந்தால் அடியில் வைக்கும் கிரிட் கார்டு என்ற சல்லடைத் தட்டு, பி.எச். நடுநிலையான (அமிலமோ காரமோ இல்லாத) கார் ஷாம்பு, கையுறை மாதிரி மாட்டித் துடைக்கும் மைக்ரோஃபைபர் வாஷ் மிட், வீல்களுக்குத் தனியாக ஒரு பழைய மிட், துடைக்க 60-க்கு 90 செ.மீ. அளவில் ஒரு பெரிய டவல். துணி சோப்புத் தூள் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் திரவமும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தவை அவை. காரின் மேல் நீங்கள் போட்ட வாக்ஸையும் பிசுக்காகவே நினைத்து எடுத்துவிடும்.

நேரம் முக்கியம். காலை 8 மணிக்கு முன்போ, மாலை வெயில் இறங்கிய பிறகோதான் கழுவ வேண்டும். பானட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பு அங்கேயே காய்ந்து திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும்.

வீல்களை முதலில் முடியுங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே அப்பியிருக்கும். கடைசியில் கழுவினால் அது தெறித்து, கழுவிய கதவில் ஒட்டும். அடுத்து, தொடாமல் தண்ணீர் மட்டும் மேலிருந்து கீழே அடியுங்கள். பிரஷர் வாஷர் என்றால் முனை பெயின்ட்டிலிருந்து ஓர் அடிக்கும் குறையாமல் இருக்கட்டும். கல் பட்டுத் தெறித்த இடத்திலும், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த ஓரங்களிலும் நேராக அடித்தால் பெயின்ட் செதிலாகப் பெயரும். ஃபோம் கன் இருந்தால் நுரை போட்டு 4-5 நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசிவிடுங்கள். இந்த இரண்டு வேலையிலேயே மணலில் பெரும்பகுதி போய்விடும். மிட் காரைத் தொடுவதற்கு முன் எவ்வளவு மணல் போகிறதோ அவ்வளவு கீறல் மிச்சம்.

இப்போது முதல் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்குப் புட்டியில் சொன்ன அளவு ஷாம்பு. பெரும்பாலும் 20-30 மி.லி. வரும். இரண்டாவது வாளியில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்புவில் முக்கி ஒரு பாகத்தைத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். ரூஃப், கண்ணாடி, பானட், கதவின் மேல் பாதி, டிக்கி என்று இறங்கி, சேறு அதிகம் பிடிக்கும் கதவின் கீழ்ப் பாதியையும் பம்பரையும் கடைசிக்கு வையுங்கள். கை நேர்க்கோட்டில் போகட்டும், வட்டமாகச் சுற்ற வேண்டாம். அழுத்தமும் வேண்டாம், மிட்டின் எடையே போதும். மிட் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். எவ்வளவு அலசினாலும் இழைக்குள் ஒரு மணல் மாட்டியிருக்கும்.

கடைசியில் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாமல் வழியும் தண்ணீரை ரூஃபிலிருந்து விட்டால் நீர்த்துளிகள் ஒன்று சேர்ந்து இறங்கிவிடும். பெரிய டவலைப் பாகத்தின் மேல் விரித்து மெதுவாக இழுங்கள், தேய்க்க வேண்டாம். டவலை மற்ற துணிகளோடு துவைக்கக் கூடாது; பருத்தி நூல் பிசிறு ஒட்டும். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டால் இழைகளில் படலம் ஏறி, தண்ணீரை உறிஞ்சும் சக்தி போய்விடும்.

தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடங்களுக்கு, போட்ட பிறகு அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் நல்ல வழி. 4 லிட்டர் தண்ணீரில் 10-15 மி.லி. கலந்து, பாகத்தின் மேல் தாராளமாக ஸ்பிரே செய்து, ஒரு நிமிடம் விட்டு, எட்டாக மடித்த ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஓர் இழுப்புக்கு ஒரு பக்கம் என்று துடைக்க வேண்டும். ஒரு காருக்கு ஏழெட்டுத் துணியாவது வேண்டும். மழைச் சேறு அப்பிய காருக்கு இந்த முறை ஆகாது.

போர் தண்ணீரும் வெள்ளைப் புள்ளிகளும்

பெயின்ட் கெடுவதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னையில் பல பகுதிகளில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1000-ஐத் தாண்டும். அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கும். அப்படியே விட்டு வெயில் மேலும் மேலும் பட்டால் வளையம் கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிடும்.

ஆர்.ஓ. மெஷின் கழித்து விடும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறோம் என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது போர் தண்ணீரை விட மோசம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீல் ஆர்ச்சுக்கும் தரைக்கும் ஊற்றுங்கள், பெயின்ட்டில் வேண்டாம். அதற்குப் பதிலாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர் என்பதால் உப்பு மிகக் குறைவு. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவில் பல லிட்டர் கிடைக்கும். துணியில் வடிகட்டிவிட்டுக் கடைசி அலசலுக்கு 8-10 லிட்டர் ஊற்றினால் புள்ளி விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

விழுந்த புள்ளி புதியது என்றால் வெள்ளை வினிகரும் நல்ல ஆர்.ஓ. தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்து, நிழலில் ஆறிய பாகத்தில் ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு அலசி ஷாம்பு போடுங்கள். அந்த இடத்தில் வாக்ஸ் போய்விடும், மறுபடி போட வேண்டும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரியும் வளையம் அரித்துவிட்ட வளையம். அது பாலிஷில்தான் போகும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் கறை போக்க ஆசிட் கலந்து தடவுவது உண்டு. கண்ணெதிரே வெள்ளை போகும், குரோமும் அலுமினியமும் கூடவே மங்கும். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எச்சம், பிசின், தார், சிமென்ட்

பறவை எச்சம் காத்திருக்காது. அதன் அமிலத்தன்மை ஒருபக்கம் வேலை செய்ய, இன்னொரு பக்கம் வெயிலில் கிளியர் கோட் இளகி விரிந்து, மாலையில் குளிரும்போது எச்சத்தின் மேடுபள்ளத்தை அச்செடுத்தது போல இறுகிவிடும். கோடையில் ஒரே பகல் போதும். வண்டியில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் கிடக்கட்டும். நனைத்த துணியை எச்சத்தின் மேல் 5 நிமிடம் போட்டு ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுங்கள். காகம் தின்ற கொட்டையும் மணலும் அதில் இருக்கும். தேய்த்தால் கோடு விழும்.

நிழலுக்காக மரத்தடியில் நிறுத்துவது நல்லதுதான், எந்த மரம் என்று பாருங்கள். பூக்கும் பருவத்தில் மாமரத்திலிருந்து தத்துப்பூச்சி விடும் பிசுபிசுப்புத் திரவம் கார் முழுக்கப் படியும். அதன் மேல் கரும்பூஞ்சையும் வளரும். வேப்பம் பிசின் காய்ந்தால் கல் போல ஆகிவிடும். நகத்தால் சுரண்டாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்தால் இளகும். நாவல் மரத்தடியைப் பழக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

தாருக்குத் தார் ரிமூவர் இருக்கிறது. தடவி, கரைந்து பழுப்பாக வழிந்ததும் துடைத்து ஷாம்பு போட வேண்டும். மேம்பாலம், மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் சிமென்ட் பால் சொட்டும். ஈரத்திலேயே கழுவினால் போய்விடும். இறுகிவிட்டால் வினிகர்த் துணி போட்டுப் பலமுறை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிளேடு கிட்டேயே வரக் கூடாது.

கிளே: வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை

கழுவிக் காய்ந்த பானட்டில் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டித் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் இரும்புத் தூளும் பெயின்ட் தூசியும் உள்ளே குத்தி நிற்கின்றன. முதலில் அயர்ன் ரிமூவர் அடித்து, ஊதா நிறமாக மாறி வழிந்ததும் காய விடாமல் அலசுங்கள். பிறகு கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியில் 50 கிராம் எடுத்துத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக ஸ்பிரே செய்து, வழுக்கிக்கொண்டே முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சத்தமும் உராய்வும் நின்றால் அந்த இடம் முடிந்தது. அவ்வப்போது மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்த கிளே குப்பைக்கு. கிளே ஓட்டியதும் மெல்லிய கீறல் விழவே செய்யும், ஆகவே பாலிஷ் செய்யும் திட்டம் இல்லாவிட்டால் அடிக்கடி இதைச் செய்யாதீர்கள்.

பாலிஷ் என்பது பெயின்ட்டைக் குறைப்பது

கீறலை நிரந்தரமாக மறைக்க வழியில்லை. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குவதுதான் பாலிஷ். மென்மையான பாலிஷ் ஒருமுறைக்கு ஓரிரு மைக்ரான் எடுக்கும், கரகரப்பு கூடிய கம்பவுண்ட் அதைவிடக் கூடுதல். நகம் மாட்டும் ஆழக் கீறலை முழுக்க எடுக்க நினைத்தால் கிளியர் கோட்டே போய்விடும். அதை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

முதலில் பெயின்ட் திக்னஸ் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 100-150 என்றால் கம்பெனி பெயின்ட். 200-க்கு மேல் என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள், 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் இயந்திரத்தைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. அங்கே வெப்பமும் சீக்கிரம் ஏறும், அதனால் கை இலேசாகப் போகட்டும்.

வீட்டில் செய்பவர்களுக்கு, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) பாலிஷர் மட்டுமே. கடைகளில் 'ரப்பிங்' போடும் ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும். பழக்கமில்லாத கையில் ஓரங்களில் பெயின்ட் எரிந்துவிடும், வெயிலில் பார்த்தால் புகை போன்ற கோடுகள் தெரியும். கதவு விளிம்பு, பாடி லைன், ரப்பர் பீடிங் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேடில் நான்கு சொட்டு, ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. 45-க்கு 45 செ.மீ. இடத்தை எடுத்துக்கொண்டு, முதலில் மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-இல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை. ஒவ்வொரு வரியும் முந்தியதில் பாதியைத் தொட்டுப் போகட்டும். கை வினாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்தால் போதும், அவசரமாக ஆட்டினால் ஒன்றும் வெட்டாது.

ஒரு பாகத்தில் சோதித்துப் பார்க்காமல் முழுக் காரில் இறங்காதீர்கள். மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் முதலில். அதில் 70-80 சதவீதக் கீறல் போனால் அதுவே போதும், கம்பவுண்டுக்குப் போக வேண்டாம். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள், கீழே போய்விட்டீர்கள். பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற வண்டிகளில் கிளியர் கோட் இல்லாத பெயின்ட் இருந்தால் நிறம் வருவது இயல்பு. ரூஃபில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, அந்தப் பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்பவர்கள் ஒன்று கேளுங்கள்: கோட்டிங் போடும் முன் பானட்டில் பாதியை ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் கலந்த கிளேஸ் கீறலை நிரப்பி மறைக்கும், இரண்டு முறை கழுவினால் எல்லாம் திரும்பி வரும். நன்றாக வேலை செய்பவர் தயங்காமல் காட்டுவார்.

மேலே என்ன பூசுவது

கார்னோபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது. ஆழமான மினுமினுப்பு தரும், அடர்நிறக் கார்களுக்கு அழகு. 82-86 டிகிரியில் உருகும். மே மாத வெயிலில் கறுப்பு பானட் 70 டிகிரியைத் தாண்டக் கூடியது. ஆகவே நம் ஊரில் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சின்தெடிக் சீலன்ட் நான்கைந்து மாதம் தாங்கும். நிழலில் நிற்கும் காருக்கும், தானே கழுவுபவருக்கும் எங்கள் முதல் பரிந்துரை இதுதான்: மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் துடைத்தெடுக்க அரை மணி நேரம்.

செராமிக் கோட்டிங் சரியாகப் போட்டுப் பராமரித்தால் இரண்டு மூன்று வருடம். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், எச்சம் அரிக்க நேரம் கொஞ்சம் கூடும். '9 எச்' என்று விளம்பரத்தில் வருவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தோடு ஒப்பிடும் மோஸ் அளவு வேறு. கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான்தான். சாவிக் கீறலையும் கல்லையும் அது தடுக்காது, அழுக்குத் துணியையும் தடுக்காது.

வீட்டில் போட நினைத்தால் புழுக்கத்தைக் கணக்கில் எடுங்கள். மூடிய கராஜில் விடியற்காலையில் தொடங்குங்கள். பாலிஷ் எண்ணெய் போக ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அப்ளிகேட்டரில் 6-8 சொட்டு விட்டு, 40-க்கு 40 செ.மீ. இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பூசுங்கள். புட்டியில் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தாலும் நம் சூட்டில் 30-60 வினாடியிலேயே வானவில் நிறம் ஓடும். அப்போதே குட்டை இழைத் துணியால் மட்டமாக்கி, இன்னொரு துணியால் சரிபாருங்கள். விட்ட இடம் கருமையான திட்டாக இறுகிவிட்டால் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டிவரும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

ஷோரூமில் 'டெஃப்ளான் கோட்டிங்' என்று விற்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள். டெஃப்ளான் எனும் பி.டி.எஃப்.இ. உருகிப் படிய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். காரில் கையால் தேய்த்து ஒட்டுவது நடக்காத காரியம். கிடைப்பது ஒரு சாதாரண பாலிஷ். அந்தப் பணத்தை பி.பி.எஃப். என்ற பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமுக்குச் சேர்த்து வையுங்கள். 150-200 மைக்ரான் கனமுள்ள அந்த டி.பி.யு. (ரப்பர் போல இழுபடும் பிளாஸ்டிக்) ஃபிலிம் மட்டுமே கல்லைத் தாங்கும். அதில் விழும் மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். முழுக் காருக்கும் ஒட்டினால் பெரும் செலவு. ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர். என்று மணல் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர்கள் முன் பம்பர், பானட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடியின் உட்குழி இவற்றுக்கு மட்டும் ஒட்டினாலே முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும்.

புதுக் காரின் பெயின்ட் தொழிற்சாலையில் 140 டிகிரி அளவில் சூடேற்றி இறுகவைத்தது. டெலிவரி எடுத்த அன்றே கோட்டிங் போடலாம்; டெலிவரிக்கு முன் ஷோரூமில் கழுவாமல், பாலிஷ் போடாமல் தரச் சொல்லிக் கேளுங்கள், முதல் கீறல் அங்கேதான் விழும். டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடித்த பாகம் வேறு: அதற்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற ஒரு மாதமாவது விட்டு, பிறகே வாக்ஸோ கோட்டிங்கோ.

பூஜையும் கடற்காற்றும்

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமத்தைப் பானட்டில் வைக்காமல் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். சாயம் கலந்த குங்குமம் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்புக் கறையாக ஊறிவிடும். விபூதியை உலர்ந்த நிலையில் துடைத்தால் கீறும். தண்ணீர் ஊற்றியே எடுங்கள். மாலை கட்டும் கம்பியின் நுனி பானட்டில் உரசாமல் மடக்கிவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் வெடிச் சாம்பலைத் துணியால் தட்டாமல் தண்ணீர் மட்டும் அடித்து இறக்குங்கள்.

ஈ.சி.ஆர்., பெசன்ட் நகர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடலோரம் இருப்பவர்கள் வாரம் இருமுறை வெறும் தண்ணீரால் அலச வேண்டும், அடிப்பகுதியையும் சேர்த்து. முழுதான கிளியர் கோட்டை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. கல் பட்டு இரும்பு தெரியும் புள்ளி வழியாக உள்ளே புகுந்து துருவாகப் பரவும். அந்தப் புள்ளியைப் பார்த்த வாரமே அடைத்துவிடுங்கள். ஆல்கஹாலால் சுத்தம் செய்து, துரு இருந்தால் 1000 கிரிட் தாளின் சிறு துண்டால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி, பல் குத்தும் குச்சி முனையால் ஒரு சொட்டு பிரைமர். காய்ந்ததும் டச்-அப் பெயின்ட் இரண்டு மூன்று மெல்லிய சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம், கடைசியில் கிளியர். பெயின்ட்டின் நிறக் குறியீடு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். 'வெள்ளை' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பகல் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.